மேல்பல் இல்லாத மாடு

என் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டைகளில் பாதி, சொற்களைப் பற்றியவை. அப்பா பாபநாசத்தில் தமிழாசிரியர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. வருடத்துக்கு ஒருமுறை பச்சைத் தகரப் பெட்டியோடு விடுப்பில் வருவார். தஞ்சாவூர் டவுனில் மாமியோடும் கைக்குழந்தையோடும் சில நாள் இருந்துவிட்டு, அக்காவைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தமிழைத் திருத்தியது போதாதென்று அப்பா வீட்டில் மாமாவின் தமிழையும் திருத்துவார். மாமா அசர மாட்டார். எல்லையில் துப்பாக்கிக்கு அசராதவன் தமிழ் வாத்தியாருக்கா அசரப்போகிறான் என்று அம்மா பெருமையோடு சொல்வாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், மாசி மாதம் நடந்த சண்டை ‘ரெக்கி’ என்ற சொல்லால் வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். படை கிளம்புவதற்கு முன்னால் நாலைந்து பேர் மட்டும் முன்னே போய், வழி எப்படி, ஆற்றில் ஆழம் எவ்வளவு, எதிரி எத்தனை பேர் என்று பார்த்து வருவதைப் பற்றி மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குத் தன்னைவிட்டால் ஆள் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“அதுக்குப் பேரு ரெக்கி மச்சான்.”

அப்பா சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே, அதற்கு ‘வேவு’ என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது என்றார். அதன் மூலம் ‘வேய்’. அந்தக் காலத்தில் இரண்டு அரசர்களுக்குள் பகை என்றால் முதல் வேலை எதிரியின் பசுக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவதுதான். ஓட்டப் போவதற்கு முன்னால் ஒற்றர்கள் போய், மாடுகள் எங்கே அடைந்திருக்கின்றன, காவலுக்கு எத்தனை பேர் என்று அறிந்து வந்து சொல்வார்கள். இலக்கணத்தில் அது ஒரு துறை, அதற்கு வேய் என்று பெயர். உங்கள் பட்டாளத்து வேலையே மாட்டில் ஆரம்பித்ததுதான் என்றார் அப்பா. அதோடு விடாமல், கை கழுவிவிட்டுப் போய் அகராதியையும் எடுத்து வந்தார். ரெக்கி என்பது பிரெஞ்சுக்காரர்களின் நீளமான ஒரு சொல்லை ஆங்கிலேயப் பட்டாளம் வெட்டிச் சுருக்கியது, அந்த முழுச் சொல்லின் வேரைப் பார்த்தால் ‘மறுபடி அறிந்துகொள்வது’ என்று வரும் என்றார்.

“தெரிஞ்சதை எதுக்கு மச்சான் மறுபடி தெரிஞ்சுக்கணும்?” என்று மாமா கேட்டார்.

அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கு அப்பாவைக் காப்பாற்ற வேண்டும்போல இருந்தது. அப்படியென்றால் தூது என்றால் என்ன என்று கேட்டேன். அப்பா உடனே தெளிந்தார். “சேதியைக் கொண்டு வர்றவன் ஒற்றன். கொண்டு போறவன் தூதன். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது” என்றார். குழப்பிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அத்தை அப்போது மாமாவுக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. இருபத்தெட்டு வயது. அந்த வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஊரில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் கையால் ஆகும். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தாள். ஆனால் அவளை ஆற்றுக்கு விட மாட்டார்கள். கிணற்றடிக்குத் தனியாக விட மாட்டார்கள். அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்ற விட மாட்டார்கள். கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளாது, மயக்கம் வரும் என்பாள் அம்மா. கிணற்றுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அத்தைக்கு இப்படி ஒரு சலுகையா என்று பொறாமைதான் பட்டேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு இடம் கூடிவந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகு தட்டிப்போனது. ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்பா எதையோ வாங்க மாதாமாதம் கும்பகோணத்துக்குப் போவதை விட்டு, தஞ்சாவூருக்குப் போக ஆரம்பித்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஜாதகம் வந்து, பொருந்தியும் இருந்தது. புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நிலம். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது, படித்துவிட்டு விவசாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா இல்லை, அம்மா மட்டும். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள், கோயில் குருக்களைக் கேட்பார்கள், அக்கம்பக்கத்தில் யாராவது தூரத்துச் சொந்தம் கிடைக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்பா போக முடியாது, பெண்ணின் அண்ணன் என்று தெரிந்துவிடும். எனவே மாமாவை அனுப்புவது என்று முடிவானது. மாமாவுக்கு எல்லையிலிருந்து உத்தரவு வந்ததைப் போல ஆகிவிட்டது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழியெல்லாம் வரைந்தார். அந்த வீட்டில் கறவை மாடு விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு வந்தவர் என்று நுழைவதாகத் திட்டம். அப்பா மகிழ்ந்துபோனார். கடைசியில் வேய் தன் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டது என்றார்.

“பொய்யில பாதி நிஜம் இருக்கணும் மச்சான். கைக்குழந்தைக்குப் பால் வேணும்னு சொல்லுவேன். குழந்தை இருக்குதானே?” என்றார் மாமா.

அப்போது அத்தை, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தையோடு வருகிற ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றாள். பாப்பா என்றால் நான். மாமா அத்தையைப் பாராட்டினார். பட்டாளத்தில் இருக்க வேண்டிய மூளை என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் அத்தை எனக்கு இரட்டைப் பின்னல் போட்டாள். போட்டு முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு, தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து பித்தான் டப்பாவை எடுத்தாள். பித்தான்களை மடியில் கொட்டினாள். டப்பாவின் அடியில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது.

“எனக்கு மயக்கம் வரும்னு சொல்றாங்கல்ல, அது மயக்கம் இல்ல. வலிப்பு. சொல்லு.”

“வலிப்பு.”

“தினம் சாயந்தரம் இதுல ஒண்ணு போட்டுக்கிறேன். போட்டுக்கிட்டா வராது. ஆறு வருஷமா ஒரு தடவைகூட வரல. எத்தனை வருஷமா?”

“ஆறு.”

இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பிழையில்லாமல் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றாள். பிறகு என் தாடையைப் பிடித்துக்கொண்டு, “இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அங்க போய் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. மாப்பிள்ளையோட அம்மா கேட்டாக்கூட” என்றாள். பெரியவர்களின் ரகசியம் ஒன்று முதல்முறையாக என்னை நம்பித் தரப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது வயிற்றில் அது கனத்துக்கொண்டே வந்தது. தஞ்சாவூரில் இறங்கி ஒரத்தநாட்டு பஸ் ஏறும்வரை நான் மாமாவிடமே பேசவில்லை, வாயைத் திறந்தால் விழுந்துவிடுமோ என்ற பயம். மாமா அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டார். வேவு போகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு என்று சொல்லிக்கொடுத்தார். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது.

அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சென்று படர்ந்திருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓட்டு வீடு, பக்கத்தில் வைக்கோல் போர், பின்னால் மாட்டுக்கொட்டகை. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உயரமான, மெலிந்த அம்மாள். மாமா தன் கதையைச் சொன்னார். அந்த அம்மாள் மாமாவின் ஒட்ட வெட்டிய முடியையும் பளபளத்த ஷூவையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “மாடு பாக்க வந்தீங்களா? வாங்க வாங்க” என்று ரொம்பவும் மரியாதையாகக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். வெட்கப்படுகிற மனிதர். செவலைப் பசு ஒன்று கட்டியிருந்தது.

“பல்லைப் பாத்துக்குங்க” என்றார் அந்த அம்மாள்.

மாமா தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பால் அவருக்கு பூத்திலிருந்து வருவது. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர் மாட்டை அதற்கு முன் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. ஆனால் தயங்கினால் வேவுக்காரன் தொலைந்தான். பசுவின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மேல் உதட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். வெறும் ஈறுதான் இருந்தது. ஒரு பல்கூட இல்லை.

“என்னங்க இது, மேல்பல்லே இல்லையே. அவ்வளவு வயசாயிடுச்சா?”

மாப்பிள்ளை சட்டென்று கூரையைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “ஆமாங்க. பாவம், கொட்டிப்போச்சு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது?” என்றார். மாமா உச்சுக்கொட்டினார். நானும் அந்தப் பசுவுக்காக வருத்தப்பட்டேன்.

வயலில் இன்னொரு மாடு மேய்கிறது, அதையும் காட்டு என்று மகனையும் மாமாவையும் போர்செட் பக்கம் அனுப்பிவிட்டு, அந்த அம்மாள் எனக்கு அவித்த பனங்கிழங்கு கொடுத்தார். கை கழுவக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். பழைய கிணறு, கைப்பிடிச் சுவர் என் இடுப்பளவுதான். அவர் ராட்டினத்தில் தண்ணீர் இறைத்தபோது நான் எட்டிப் பார்த்தேன்.

“எட்டிப் பாக்காத தங்கம். சுவரு தாழ்வா இருக்கு.”

“எங்க அத்தையைக் கிணத்துக்கிட்டயே விட மாட்டாங்க.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

“ஏன்?”

“அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சரி, அப்ப சொல்லாத” என்றார்.

அவர் வற்புறுத்தியிருந்தால் நான் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன். எத்தனை கேள்வி கேட்டாலும் எதிர்த்து நிற்பது என்றுதான் பஸ்ஸிலிருந்தே தயாராக வந்திருந்தேன். அவரோ கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டு, கிழங்கு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு பெரிய ரகசியம் யாருக்கும் வேண்டாம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மயக்கம் இல்லை, வலிப்பு. தினம் சாயந்தரம் ஒரு மாத்திரை. ஆறு வருடமாக வரவில்லை. பித்தான் டப்பாவில் இருக்கிறது. ஒரு பிழையில்லாமல், பாடம் ஒப்பிப்பதைப்போல.

அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னாங்க?”

“அத்தைதான்.”

“எப்ப?”

“இன்னிக்குக் காலையில. கிளம்புறப்ப.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, “உங்க அத்தை கெட்டிக்காரிதான்” என்றார். கணக்கில் பட்டம் வாங்கியவள் என்று நான் சொன்னேன். ஆமாம், தெரிகிறது என்றார்.

வீடு திரும்பியதும் மாமா அறிக்கை வாசித்தார். நிலம் சரியாக இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை, வீடு சொந்தம், மாப்பிள்ளை சாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நேர்மையான குடும்பம். மாட்டின் மேல்பல் எல்லாம் கொட்டிப்போனதைக்கூட மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் மாடு கறந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “மாட்டுக்கு ஏதுடா மேல்பல்லு?”

முன்பக்கம் மேலே பல் என்பது எந்த மாட்டுக்கும் கிடையாது என்று அம்மா விளக்கியபோது, மாமாவின் முகம் போன போக்கை நான் அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அது அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறாதபோது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்துகொண்டே விளையாடியிருக்கிறார்கள், இனி அந்த இடம் நமக்கில்லை என்றார். மாமாவைத் திட்டக்கூட இல்லை.

எனக்கோ அதைவிடப் பெரிய பயம். இந்தக் கல்யாணம் நின்றால் அது பல்லால் இல்லை, என்னால். போன வருடம் தட்டிப்போனதற்கும் பித்தான் டப்பாவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பது எப்படியோ எனக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயந்தரம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அந்த அம்மா உன்கிட்ட என்ன பேசினாங்க?”

“ஒண்ணும் பேசல.”

“எதாவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“நீயா எதுவும் சொல்லல?”

“சொல்லவே இல்ல அத்தை. சத்தியமா.”

அவள் முகம் வாடியது. நன்றாகப் பார்த்தேன், வாடியது. என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். “சரி போ” என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். மூன்று முறை தவறியது.

அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தையும் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சேர்த்து வேப்பிலையும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பதினோராம் நாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு அத்தையிடம் அவர் சொன்ன ஒரே வார்த்தை, “நீ வாயைத் திறக்காம இரு, மத்ததை நான் பாத்துக்கிறேன்.” அவள் தலையாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மாமா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தை அரக்கு நிறப் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அத்தை தட்டை யாரிடமும் நீட்டவில்லை. அப்படியே நின்று, “உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

அப்பா எழுந்துவிட்டார். அவர் கை அந்தரத்தில் நின்றது.

“தெரியும்மா” என்றார் அந்த அம்மாள். “தட்டைக் கீழ வெச்சிட்டு உக்காரு. போன வெள்ளிக்கிழமைதான் ஆளு வந்து கிணத்துக்கு இரும்புல கம்பி வலை போட்டுட்டுப் போனான். அந்த மாத்திரை ஒரத்தநாட்டுலயே கிடைக்குதாம், இவன் டாக்டரையும் பாத்துப் பேசிட்டுத்தான் வந்திருக்கான். நேரத்துக்குப் போட்டுக்கிட்டா போதும்னாராம்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார். அத்தை உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கும்போது பெண் அழுவது வழக்கமில்லை, யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் அப்பாவின் பக்கம் திரும்பினார். “எங்களுக்கும் விவசாயம் பாக்குற பையனுக்குப் பொண்ணு குடுக்க யாரும் வரல சார். மாடு பாக்க வந்தவங்கள்ல உங்க ஆளு நாலாவது. முந்தின மூணு பேரும் மாட்டைக் குத்தம் சொல்லிட்டுப் போனாங்க. இவரு ஒருத்தர்தான் அதுக்காக வருத்தப்பட்டாரு” என்றார். சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அப்பா அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வகுப்பில் வாய்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர் அவர். மூன்றாம் நாள் பள்ளி விட்டு வரும்போது பாபநாசம் கடைத்தெருவிலேயே, தன் பழைய மாணவன் நிற்கிற மருந்துக்கடையில், அந்த மாத்திரையைப் பேர் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அப்பாவை அன்றைக்கு மிகவும் பிடித்தது. வைகாசியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் அந்தச் செவலைப் பசுவின் கன்று ஒன்றை லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடு கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய குறை வேண்டாமாம். எதிரியே மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவதற்கு இலக்கணத்தில் துறை கிடையாது என்று அப்பா வியந்துகொண்டிருந்தார்.

நான் மட்டும் என் குற்றத்தை வைத்துக்கொண்டே வளர்ந்தேன். முடிவு நல்லதாகவே இருந்தாலும், என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை ஒரு பனங்கிழங்குக்கு விற்றவள் நான். சத்தியம் வேறு செய்திருந்தேன். அத்தை வீட்டுக்கு ஒவ்வொரு விடுமுறைக்கும் போவேன், கிணற்றின் மேல் இருக்கிற அந்தக் கம்பி வலையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொன்னதில்லை.

போன மாதம் அத்தையின் மகளுக்கு ஒரு இடம் வந்தது. நாங்கள் எல்லோரும் அத்தை வீட்டில் கூடியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. இப்போதெல்லாம் போனிலேயே எல்லாம் தெரிந்துவிடும், ஆள் எதற்கு என்றாள் கல்யாணப் பெண். ஓய்வு பெற்ற மாமா, தான் தயாராக இருப்பதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் எனக்கு என்ன தோன்றியதோ, கொட்டகைப் பக்கம் போன அத்தையின் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

“அத்தை, அன்னிக்கு உங்க மாமியார்கிட்ட நான்தான் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லலைன்னு பொய் சத்தியமும் பண்ணேன்.”

அத்தை மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பத்து நாள் என்னைச் சாகடிச்சியேடி” என்றாள். “நீ சொல்லலைன்னதும் நம்பிட்டேன். எதையுமே வயித்துல வெச்சுக்கத் தெரியாத புள்ள, இதை மட்டும் போய் ஒழுங்கா வெச்சுக்கிச்சேன்னு அழுகையா வந்துச்சு.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு அந்தக் காலை மறுபடி வந்தது. மடியில் கொட்டிய பித்தான்கள், சாத்திய கதவு, இரண்டு முறை ஒப்பிக்க வைத்தது. யார் கேட்டாலும் சொல்லாதே என்றவள், யாரிடம் என்பதையும் கூடவே சொன்னது. தெரிந்ததை எதற்கு மறுபடி தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாமா கேட்டபோது அப்பாவிடம் இல்லாத பதில், அந்தக் கொட்டகையில் எனக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டிலிருந்து அன்று கிளம்பியது ஒரே ஒரு வேவுக்காரர்தான், மாட்டின் வாயில் பல் தேடிய மாமா. அத்தை வாயைத் திறக்க முடியாத வீட்டிலிருந்து, அவள் சொல்ல நினைத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சுமந்துகொண்டு நான் தூது போயிருக்கிறேன். சேர்த்தும்விட்டேன். திரும்பி வந்து, சேர்க்கவில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.